பிளான் போட்டதற்கும் கூலி உண்டு



வீட்டின் அருமையை இந்தப் புக்கிட் பெலண்டோக் ஊருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டில் நிப்பா கிருமி பரவியபோது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர்களின் ஊர் இது. தோட்டத்து லயத்தில் பிறந்து, சேமநிதிப் பணத்தில் தாமானில் வீடு வாங்கி, பின்பக்கம் ஒரு சமையலறையை இழுத்துக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நான் கட்டடத் தொழில் படித்ததில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில். இன்றைய கேள்வி இது: கட்டுமானம் தொடங்கும் முன்பே நடக்கிற வேலைக்கு யார் காசு கொடுப்பது?

"தம்பி, பின்னால ஒரு கிச்சன் இழுக்கணும். ஒரு பிளான் போட்டு எவ்வளவு ஆகும்னு சொல்லுப்பா" என்கிறோம். "சரிண்ணே" என்று அந்தத் தம்பி வருகிறார். இடத்தை அளக்கிறார். கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, புதுக் கூரையைப் பழைய கூரையோடு எங்கே இணைப்பது என்று பார்க்கிறார். இரவில் உட்கார்ந்து படம் போடுகிறார். செங்கல், சிமெண்டு, கம்பி, ஓடு, ஆள் கூலி என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார். ஹார்ட்வேர் கடைக்கு நாலு தடவை போன் போட்டு விலை கேட்கிறார். நாம் அந்தத் தாளை வாங்கி இன்னொரு குத்தகையாளரிடம் காட்டி, "இதைவிடக் குறைத்துச் செய்வீர்களா?" என்கிறோம். அவர் குறைக்கிறார். ஏன் குறைக்க மாட்டார்? அளந்து கணக்குப் போட்ட செலவு அவருக்கு இல்லையே!

இனாம் என்று நாம் நினைப்பது உண்மையில் இனாமா? ஒரு மதிப்பீட்டைத் தயாரிக்க 400 வெள்ளி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குப் போட்டுக் கொடுத்தால் ஒருவர் வேலை கொடுக்கிறார். மற்ற நால்வருக்கும் ஆன 1,600 வெள்ளியை அவர் எங்கே தேடுவார்? ஐந்தாவது வீட்டுக்காரரின் கணக்கில் சேர்ப்பார். இல்லையென்றால் சிமெண்டில் கை வைப்பார். இரண்டும் செய்ய மனமில்லாதவர் தொழிலை விட்டே போய்விடுவார். நல்ல குத்தகையாளரை நாமே இழக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? நமது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு இதற்கு வழி காட்டுகிறது. 1967-இல் சியோவ் வோங் ஃபாட் வழக்கில் பிரிவி கவுன்சில் அதை நான்கு நிபந்தனைகளாக வகுத்தது. வேலை சட்டப்படியானதாக இருக்க வேண்டும். இன்னொருவருக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். இனாமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது. அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். "காசெல்லாம் வேண்டாண்ணே" என்று சொன்ன வாய், பிறகு நீதிமன்றத்தில் என்ன பேசும்?

இங்கிலாந்தில் 1957-இல் வில்லியம் லேசி நிறுவனத்தின் வழக்கு தீர்ப்பானது. போரில் சேதமடைந்த ஒரு கட்டடத்தைத் திருப்பிக் கட்ட அந்த நிறுவனம் விலை கொடுத்தது. வேலை உனக்குத்தான் என்ற நம்பிக்கையை ஊட்டி, மேலும் மேலும் கணக்குகளைப் போட வைத்தார் உரிமையாளர். போர் நட்ட ஈடு பெற அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் கட்டடத்தையே விற்றுவிட்டார். முதலில் கொடுத்த விலைக் குறிப்புக்குக் காசு கிடையாது, அது வியாபாரத்தில் எல்லாரும் ஏற்கும் துணிச்சல். அதற்குப் பின் செய்த வேலைக்கு நியாயமான கூலி உண்டு என்றது நீதிமன்றம். கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

2014 ஏப்ரல் 15 முதல் நம் நாட்டில் கட்டுமானக் கட்டணத் தகராறுகளை விரைந்து தீர்க்கத் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதோடு, தனி மனிதர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீடு அதில் சேராது. ஆகவே நம் தாமான் வீடுகளுக்கு நாமே ஒரு காகிதம் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

குத்தகையாளர் தம்பிகளே! முதல் வருகைக்கும் தோராயமான விலைக்கும் காசு கேட்காதீர்கள். அதற்கு மேல் படம், விவரமான கணக்கு என்றால் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன தருவேன், எத்தனை தடவை திருத்துவேன், என்ன கட்டணம் என்று எழுதுங்கள். வேலை எனக்கே கிடைத்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வேன், கிடைக்காவிட்டால் தாள்கள் உங்களுக்கே சொந்தம் என்றும் எழுதுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். நகராண்மைக் கழக அனுமதிக்கான வரைபடத்தைத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞரோ, பொறியியலாளரோ, பதிவு பெற்ற வரைவாளரோதான் சமர்ப்பிக்க முடியும். அவர் கட்டணம் தனி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களின் கதை இல்லாத தாமான் எது? ஆனால் இது வேறு. முன்பணம் என்பது இனிமேல் நடக்கப்போகும் வேலைக்குக் கொடுக்கும் பெரிய தொகை. இதுவோ சிறிய தொகை. பதிலுக்குத் தாள் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. தாளைக் காட்டிய பிறகே காசு என்று பேசிக்கொள்ளலாம். ரசீது கேளுங்கள். சிஐடிபி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய கணக்கை, அதைக் கொண்டே மூன்று பேரிடம் விலை கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டு வாங்கினால், யார் முன்னும் கூச வேண்டியதில்லை.

கிளினிக்கில் டாக்டர் பார்த்தாலே கட்டணம் கொடுக்கிறோம். மருந்து வேண்டாம் என்றாலும் பார்த்ததற்குக் காசு உண்டு. நம் வீட்டுப் பிள்ளை பென்சில் பிடித்தால் மட்டும் அது வேலையில்லையா? அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்ற உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால், கூச்சத்தை விட்டுக் காசுப் பேச்சை முதல் நாளே பேசிவிட வேண்டும். கேட்கிறவரும் தலைநிமிர்ந்து கேட்கட்டும். கொடுக்கிறவரும் மனதாரக் கொடுக்கட்டும்.