சிறுகச் சேர்ப்பதும் மொத்தமாக வைப்பதும்

 

கல்வியின் பெருமையைப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உள்ளனர். நான் கல்விக் கட்டணத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். பிள்ளை தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சி மே மாதத்தில் வருகிறது. கட்டணக் கவலை ஜூன் மாதத்தில் வருகிறது. இடைப்பட்ட சில நாட்களில்தான் பல வீடுகளில் தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குச் செல்கின்றன. ஓராண்டுக்கு முன்பே தெரிந்த செலவு இது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே ஏற்பாடு செய்ய இரு வழிகள் உண்டு.

ஒன்று, மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிவரும் தொடர் வைப்பு; ஆர்.டி. என்று வழங்குகிறோமே, அதுதான். மற்றொன்று, கையிலுள்ள தொகையை ஒரே தடவையாக இட்டுவைக்கும் குறித்த கால வைப்பு. எது சிறந்தது?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டு வட்டி நூற்றுக்கு 6 எனக் கொள்வோம்; எளிமை கருதித் தனிவட்டியே போதும். 12,000 ரூபாயை ஓராண்டுக்கு மொத்தமாக வைத்தால் வட்டி 720 ரூபாய். மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் வட்டி 390 ரூபாய்தான். இதைக் கண்டு வங்கி ஏமாற்றுகிறது என்பாரும் உளர். அது சரியன்று. முதல் தவணை 12 மாதம் வட்டி ஈட்டுகிறது. இரண்டாவது 11 மாதம். கடைசித் தவணை ஒரே மாதம். சராசரி ஆறரை மாதம். விகிதம் ஒன்றே, பணம் தங்கிய காலமே வேறு.

ஆகவே, கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. போனஸ் பணமோ, ஆடு மாடு விற்ற பணமோ மொத்தமாக வந்தால் அதை அன்றே குறித்த கால வைப்பில் இடுக. அதைச் சேமிப்புக் கணக்கில் நூற்றுக்கு இரண்டரை வட்டியில் வைத்து, மாதம் ஆயிரமாக எடுத்துத் தொடர் வைப்பில் கட்டினால், இரண்டும் சேர்ந்து 527 ரூபாய்தான் கிடைக்கும். மொத்தத் தொகையே இல்லாதவருக்கோ இந்த ஒப்பீடு தேவையில்லை. அவருக்குரிய வழி தொடர் வைப்பே.

390 ரூபாய் ஒரு பொருட்டா என்று எண்ணாதீர்கள். அதே 12,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 360 ரூபாய் கட்ட வேண்டும்; ஓராண்டில் 4,320 ரூபாய். சேமித்தவர் ஓராண்டில் பெறுவதைக் கடன்பட்டவர் ஏறத்தாழ ஒரே மாதத்தில் கொடுத்துவிடுகிறார். எனவே சேமிப்பின் உண்மையான ஆதாயம் பெறும் வட்டியன்று. கொடுக்காமல் தப்பிய வட்டி.

சில எச்சரிக்கைகள். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டு கழியாமல் முடித்துக்கொள்ள இயலாது. அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு வங்கியின் ஓராண்டுத் தொடர் வைப்பே ஏற்றது. மொத்தத் தொகைக்கு அஞ்சலகத்திலும் ஓராண்டு வைப்பு உண்டு. வேலை குறைந்த மாதத்திலும் கட்டக்கூடிய தவணையையே தேர்ந்தெடுங்கள்; தவறினால் அபராதம் வரும். 12,000 ரூபாயை ஒரே வைப்பாக இடாமல் நாலாயிரமாக மூன்று வைப்பு இடுங்கள். திடீரென மருத்துவச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் முறிக்கலாம். மற்றவற்றின் வட்டி குறையாது. நியமனதாரர் பெயரை எழுத மறவாதீர்கள். காப்புறுதி பெற்ற வங்கி நொடித்தாலும், 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. கூடுதல் வட்டி தருவதாக வீடு தேடி வருவோரிடம் இப்பாதுகாப்பு இல்லை.

இளைஞர்களே! படிவத்தைக் கண்டு தயங்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களோடு வங்கிக்குச் சென்று படிவம் நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அது முதற்பயன். பெற்றோர்களே! இவ்வாண்டுக் கட்டணத்திற்கு ரசீது பெறும் நாளிலேயே அடுத்த ஆண்டுக்கான முதல் தவணையைக் கட்டிவிடுங்கள். வரும் ஜூன் மாதத்தில் நம் வீட்டுத் தோடு காதிலேயே இருக்கட்டும். பிள்ளை கல்லூரியில் இருக்கட்டும்.