இல்லத்திற்கேற்ற நூல்



திருவிழாக் கடைகளில் பக்தி நூல்களை ஆர்வத்தோடு வாங்கிச் செல்வோர் பலர். அவற்றுட் பல, பூசையறையில் மஞ்சள் குங்குமம் பெற்றுப் பிரிக்கப்படாமலே இருந்துவிடுகின்றன. நூல் உயர்ந்ததாயின் மட்டும் போதாது. படிப்பவர்க்குப் பொருள் விளங்கவும் வேண்டும்.

இதனை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் 4,000-க்கும் மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. செய்யுட் பயிற்சி இல்லாதாரும் அடியார் வரலாற்றை அறியும்வண்ணம், நாவலர் 1852-இல் அதனை உரைநடையில் வெளியிட்டார். சிறுவர்க்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். மூலத்தை அவர் கைவிட்டாரல்லர்; அதனிடம் செல்லும் படிகளை அமைத்தார்.

இல்லத்தார்க்கு நூல் தெரிவு செய்வோரும் இவ்வழியைப் பின்பற்றலாம். குழந்தைகளுக்குப் பெரிய எழுத்தில், படங்களுடன் கூடிய அடியார் கதைகள். இளைஞர்க்குத் தெளிவான உரைநடை. மூலத்தை நாடுவோர்க்குப் பதம் பிரித்துப் பொழிப்புரையுடன் அச்சிட்ட பதிப்பு. பார்வை மங்கிய முதியோர்க்குப் பிறர் வாசித்துக் காட்டல். வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்தல் நன்று. பிள்ளைகளுக்குரிய நூலைப் பெற்றோர் முதலிற் படித்தல் வேண்டும்.

மாலையில் விளக்கேற்றியபின் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்கட்டும். நாளும் இரண்டு பக்கம் போதும். பிள்ளைகள் எழுப்பும் ஐயங்களுக்கு விடை தேடத் தொடங்கினால், அடுத்து வாங்கவேண்டிய நூல் எதுவென்பது தானே விளங்கும்.