12 கம்பிக்கு முன்னாடி 'தகிட தகிட தக'

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஆவடியில இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். ரெண்டு வருஷமா ஆறு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார். 'தி பேர்ட்ஸ்' குழுவோட பாட்டைக் கேட்டு, அந்த மணி அடிக்கிற மாதிரியான சத்தத்துல மயங்கிட்டார். கம்பெனியில வந்த போனஸை அப்படியே போட்டு 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா, வாங்கினா அந்த 60கள் ஃபோக் ராக் பாட்டெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துடுமான்னு கேட்கிறார். வீட்ல அந்தப் பணத்துக்கு வேற ரெண்டு செலவு காத்திட்டிருக்காம்.

என் பதில், இப்போதைக்கு வேண்டாம். மூணு மாசம் தள்ளிப் போடுங்க. காரணம் சொல்றேன்.

அந்த சத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம். 1964 பிப்ரவரியில பீட்டில்ஸ் நியூயார்க் போனப்போ, ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு ஒரு ரிக்கன்பேக்கர் 360/12 வந்துச்சு. அந்த மாடல் அப்போ புத்தம் புதுசு. அதே வருஷம் வந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்துல ஹாரிசன் அதை வாசிக்கிறதைப் பார்த்துட்டு, ரோஜர் மெக்வின் தனக்கும் ஒண்ணு வாங்கினார். 1965 ஜனவரியில பாப் டிலனோட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை தி பேர்ட்ஸ் ரெக்கார்ட் பண்ணாங்க. டிலன் எழுதினதுல நாலு சரணம். இவங்க எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. குழுவுல அன்னிக்கு வாத்தியம் வாசிச்சது மெக்வின் மட்டும்தான், மத்த வாத்தியமெல்லாம் ஸ்டுடியோ கலைஞர்கள். அந்த வருஷம் ஜூன்ல அது அமெரிக்காவுல முதலிடம்.

இதைக் கேட்கிற எல்லாரும் "ஆஹா, என்ன கிட்டார்!"னு சொல்றோம். கிட்டாருக்கு அதுல பங்கு உண்டு. ஆனா மெக்வின் சின்ன வயசுல சிகாகோவுல ஓல்டு டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்ல பேஞ்சோ கத்துக்கிட்டவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு பிக், நடுவிரல்லயும் மோதிர விரல்லயும் உலோக ஃபிங்கர் பிக். கார்டை மொத்தமா அடிக்காம, பேஞ்சோக்காரங்க மாதிரி ஒவ்வொரு கம்பியா உருட்டிக்கிட்டே போவார். இங்கிலீஷ்ல இதை 'ரோல்'னு சொல்றாங்க.

இந்த ரோல்ல அடிப்படையான ஒண்ணு எட்டு தட்டு, மூணு மூணு ரெண்டா பிரியும். இதைப் படிக்க நமக்கு யூட்யூப் வாத்தியார்கூட வேண்டாம். 'தகிட தகிட தக', அவ்வளவுதான்! பக்கத்து வீட்ல மிருதங்கம் கத்துக்கிற பொடியனுக்கும் இது தெரியும். டி கார்ட் பிடிச்சுக்கங்க. பிக் நாலாவது கம்பி, நடுவிரல் மூணாவது, மோதிர விரல் ரெண்டாவது. 4-3-2, 4-3-2, 4-2. வாயால சொல்லிக்கிட்டே, மெட்ரோனோமை 60ல வெச்சு, மெதுவா. கார்ட் மாத்தும்போது வலது கை தடுமாறாம ஓடணும். அது வந்துட்டா உங்ககிட்ட இருக்கிற ஆறு கம்பியிலயே பாதிப் பாட்டு வந்துடும். ஒரு கம்ப்ரெஸர் பெடலோ, இல்ல ஃபோன் ஆப்ல ஒரு கம்ப்ரெஸரோ போட்டுப் பாருங்க. மெக்வின் சத்தம் அப்படி நீண்டு நிக்கிறதுக்கு ஸ்டுடியோவுல போட்ட கம்ப்ரெஸருக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்ப 12 கம்பியோட சங்கதி. ஆறு ஜோடி. மெல்லிசான ரெண்டு ஜோடி ஒரே சுருதி, மத்த நாலு ஜோடியில ஒண்ணு ஒரு ஸ்தாயி மேல. பெரும்பாலான 12 கம்பி கிட்டார்ல கை மேலேர்ந்து கீழே வரும்போது மேல் ஸ்தாயி கம்பிதான் முதல்ல படும். ரிக்கன்பேக்கர்ல தடிச்ச கம்பி முதல்ல, மெல்லிசு அப்புறம். அந்த சத்தத்தோட ரகசியத்துல இதுவும் ஒண்ணு. வேற கம்பெனி கிட்டார் வாங்கிட்டு "ஏன் அப்படி கேட்கல?"ன்னு யாரும் குழம்ப வேண்டாம்.

அடிக்கடி அறுந்து போறது, மூணாவது ஜோடியில இருக்கிற மேல் ஜி. கடைசிக் கம்பியான ஈ-யைவிட மூணு அரைச்சுரம் மேல இழுத்துக் கட்டணும். நம்ம ஊர் வியர்வைக்கும் ஈரக்காத்துக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால எல்லாத்தையும் ஒரு முழுச்சுரம் இறக்கி சுருதி சேர்த்துட்டு, ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு வாசிங்க. கழுத்துக்கும் நல்லது. ஒரு நல்ல க்ளிப் ட்யூனர் கட்டாயம். 12 கம்பியில ஒண்ணு கலைஞ்சாலும் மணிச்சத்தம் போய் தகர டப்பா சத்தம்தான் வரும்.

இன்னொண்ணு, நம்ம காது சம்பந்தப்பட்டது. நாம வளர்ந்ததே கமகத்துல. கிட்டாரை எடுத்தா கை தானா கம்பியை வளைக்கும். ஜோடிக் கம்பியில அது நடக்காது, ரெண்டும் ஒரே அளவு வளையாம சுருதி பிசகும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைச்சுப் பாருங்க. சாதாரண மாண்டலின்ல நாலு ஜோடி, எட்டு கம்பி. அவர் எலெக்ட்ரிக் மாண்டலின்ல ஒத்தை ஒத்தையா அஞ்சு கம்பி வெச்சுக்கிட்டுத்தான் கர்நாடக சங்கீதம் வாசிச்சார். கமகம் வேணும்னா ஜோடியை விடணும். ஜோடி வேணும்னா கமகத்தை விட்டுட்டு, விரலை அசைக்காம, ஸ்வரத்தை அப்படியே ஒலிக்க விடணும். ஆவடி நண்பரே, வாங்கறதுக்கு முன்னாடி நீங்க முடிவு பண்ண வேண்டியது இதைத்தான். கம்பி வளைக்கிறதுதான் உங்க சந்தோஷம்னா இந்த வாத்தியம் ரெண்டே மாசத்துல பீரோ மேல ஏறிடும், போனஸும் கூடவே போயிடும்.

மூணு மாசத்துக்கு ரெண்டு பாட்டு போதும். முதல்ல 'டர்ன்! டர்ன்! டர்ன்!'. பீட் சீகர் மெட்டமைச்சது, வரிகள் பெரும்பாலும் பைபிள்ல பிரசங்கி மூணாம் அதிகாரத்துலேர்ந்து வந்தவை. சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய பேர். அவங்களுக்கு வார்த்தை ஏற்கெனவே பழக்கம், ரோல் மட்டும் பழகினா போதும். அப்புறம் 'டாம்பரின் மேன்'.

'எய்ட் மைல்ஸ் ஹை'யை இப்போ தொடாதீங்க. 1965 கடைசியில டூர் போன வண்டியில ஜான் கோல்ட்ரேனையும் ரவிசங்கரையும் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு 1966ல போட்ட பாட்டு. மெக்வின் அந்த 12 கம்பியில சாக்ஸபோன் மாதிரி வாசிக்கப் பார்க்கிறார். அதுக்குத் தனியா ஒரு எபிசோட் வேணும். அதுவரைக்கும் 4-3-2, 4-3-2, 4-2.