சமுதாயக் கல்லூரியில் கணினிக் கல்வி: பட்டயத்திற்குப் பின் என்ன?

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. சில கிலோமீட்டர் தொலைவிலேயே, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இவ்விரு இடங்களையும் நகரோடு இணைத்துவிட்டது. தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் அடுத்தடுத்து நிற்கும் இப்பகுதியில், ஓராண்டோ இரண்டாண்டோ கணினி பயின்ற கிராமப்புற மாணவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் உருப்பெற்றது. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரியைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. சுற்றுவட்டாரத் தொழில்களின் தேவையை அறிந்து, அத்தொழில் துறையினரையும் கலந்து பாடத்திட்டம் அமைப்பதே இதன் அடிப்படை.

வேலை எங்கே?

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் நிரல் எழுதும் பணிக்குப் பெரும்பாலும் பட்டதாரிகளையே தேர்ந்தெடுக்கின்றன. மேலும், எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தரும் காலம் இது. ஆகவே, ஒரு நிரல்மொழியை மட்டும் கற்றுச் சான்றிதழ் பெறுவது போதாது. மறுபுறம், கணினி இன்றி இன்று எந்தத் தொழிற்கூடமும் இயங்குவதில்லை. கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள், கிடங்கின் இருப்புக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடுகள், அலுவலக வலையமைப்பு ஆகியவற்றைப் பராமரிக்க ஆட்கள் தேவை. பட்டயதாரரின் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இங்குதான் உள்ளது.

ஏணியின் அடுத்த படி

முதல் வேலை கிடைப்பதோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. குடும்ப வருமானத்திற்காகப் படிப்பை நிறுத்தியவர், சில ஆண்டுகளில் பதவி உயர்வுக்குப் பட்டம் தேவை என்ற நிலையைச் சந்திக்கிறார். மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குறுகிய காலச் சான்றிதழுக்கு அவ்வுரிமை இல்லை. இந்த வேறுபாட்டைச் சேரும்போதே அறியாதவர் பின்னர் இழப்பது ஆண்டுகளை.

இக்குறையை நீக்கும் நோக்குடன் 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, படிப்பை இடையில் நிறுத்தி மீண்டும் தொடரும் வழியை வகுத்தது. படித்த பாடங்களின் மதிப்பைச் சேமித்து வைக்கும் கல்வி மதிப்பெண் வங்கி 2021-இல் செயற்பாட்டுக்கு வந்தது.

ஆதலால் மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: சான்றிதழ் வழங்குவது யார்? அதைக் கொண்டு எந்தப் பட்டப் படிப்பில் சேரலாம்? தொழிற்கூடத்தில் எத்தனை மாதப் பயிற்சி உண்டு?

அதிகாரிகளின் கடமையும் தெளிவானதே. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 2014 திருத்தத்திற்குப் பின், பொறியியல் சாராத பட்டயதாரர்களுக்கும் இடமளிக்கிறது. இதனைப் பயன்படுத்திக் கல்லூரியையும் அண்டைத் தொழிற்சாலையையும் இணைத்தல் வேண்டும். தொழிற்சாலை வாயில் வரை ரயில் வந்துவிட்டது. அவ்வாயிலுக்குள் நுழையும் இளைஞர் முதற்படியிலேயே நின்றுவிடாமல் காப்பது கல்வித் திட்டத்தின் பொறுப்பாகும்.