பங்குனி ஆமைக்குக் காவல்



ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். அவற்றை நாய் தோண்டித் தின்னும். தப்பிப் பிறக்கும் குஞ்சுகளுக்கு வேறு ஆபத்து. வெளிச்சம் தெரியும் திசைதான் கடல் என்று நம்பி நகர்வது அவற்றின் இயல்பு. தெருவிளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் போய்ச் செத்துவிடும்.

இதைத் தடுக்க 1988-இல் மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் சேரும் மாணவர்கள் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் இரவெல்லாம் நடப்பார்கள். ஆமையின் தடம் பார்த்து, குச்சியால் மெல்லக் குத்தி முட்டைக்குழியைக் கண்டுபிடிப்பார்கள். முட்டைகளை எடுத்துப்போய், வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். ஏறக்குறைய 45 நாளில் பொரியும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்பவர்கள் ஒருமுறை இவர்களோடு நடந்து பார்க்கட்டும்!

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆமை நடைக்குப் போகக் கேட்டால், தேர்வைக் காட்டித் தடுக்காதீர்கள். கடலோரம் குடியிருப்பவர்களே, மார்ச், ஏப்ரல் இரவுகளில் வெளிவிளக்கை அணைத்து வையுங்கள்.