பன்னிரண்டு வளையங்கள்

(சிம்மக்கல்லில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில், இயற்பியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ரிடையர் ஆனபிறகு என்ன செய்றேன்னு பத்து நிமிஷம் பேசுடா" என்று செயலாளர் சொன்னார். நான் தூண்டில் கம்பு செய்கிறேன். சிரிக்காதீர்கள், இதில் நம் கல்லூரி ஆய்வகமும் வருகிறது.

நம்ம ஊர்த் தூண்டிலில் வளையமே கிடையாது. ஒரு மூங்கில் குச்சி, நுனியில் கட்டிய தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, ஒரு மண்புழு. நரம்பு ஓட வேண்டியதில்லை, அதனால் வளையமும் வேண்டியதில்லை. நான் செய்வது ஃப்ளை ராடு என்ற வகை. இதில் இரை என்பது முள்ளில் கட்டிய இறகுதான். அதற்கு எடையே இல்லை. எறிவதற்கு வேண்டிய எடை முழுவதும் கயிற்றில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. கம்பைச் சாட்டை போல வீசினால் கயிறு வளையங்களின் வழியாகப் பறந்து போகும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் சால்மன் பிடித்தவர்கள் இதற்கு இரண்டு கையாலும் பிடிக்கிற நீளக் கம்பை வைத்திருந்தார்கள். இன்று அலையடிக்கும் கடற்கரையிலும் அந்த வகைக் கம்பைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் என் வலது தோள்பட்டை. "ஒத்தைக் கையைத் தலைக்கு மேல தூக்கி வீசுறதை விட்டுடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கை என்றால் பாரம் பங்காகிவிடும் அல்லவா?

11 அடி கார்பன் கம்பு ஒன்றை வெறும் கம்பாக வாங்கி, வளையங்களை நானே கட்டினேன். எத்தனை வளையம், என்ன அளவு, எங்கே கட்டுவது? யோசிக்கவே இல்லை. நண்பர் ஒருவரிடம் 9 அடி ஒற்றைக்கைக் கம்பு இருந்தது. அதை அளந்து, அதே அளவு வளையங்களை அதே இடைவெளியில் கட்டிவிட்டேன்.

தனுஷ்கோடிக்குப் போனேன். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து போய்வருவது எளிதாகிவிட்டது. அங்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். நான் நின்றது ஆண்கடல் பக்கம். நல்ல காற்று. ஒரு பாறை மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடியது. இடுப்புக் கூடையில் கிடந்த கயிறு சுருளும் சிக்குமாக மேலே எழும்பி, முதல் வளையத்திலேயே அடைத்துக்கொண்டது. 'டப்' என்று நரம்பு அறுந்தது. மீன் போனது, தோள்வலி மட்டும் மிச்சம்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில் பராமரிப்பில் இருந்தவன் நான். நூல் போகிற வழியைப் பார்ப்பதுதான் என் பிழைப்பே! ரிங் ஃப்ரேமில் ஒவ்வொரு கதிருக்கு மேலேயும் பன்றிவால் போலச் சுருண்ட ஒரு கம்பி இருக்கும். சுழன்று, பலூன் போல உப்பி வருகிற நூலை அடக்கி நேர்வழியில் விடுவது அதுதான். தூண்டில் கம்பின் முதல் வளையத்துக்கும் அதே வேலை. கயிறு பரந்து வருகிற இடத்தில் வாய் அகலமாக இருக்க வேண்டும். போகப் போகக் குறுகலாம். ஆனால் கடைசி நுனி வளையம் வரைக்கும், கயிற்றில் உள்ள பெரிய முடிச்சு தடையில்லாமல் போக வேண்டும். இதுதான் முதல் கணக்கு.

அடுத்தது, எதனால் ஆன வளையம்? செயற்கை இழை ஓடினால் இரும்பிலும் பள்ளம் விழும் என்று மில்லில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அங்கே பீங்கான் வழிகாட்டிகள் வந்தன. தூண்டிலிலும் அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு என்று பீங்கான் வளையங்கள் உண்டு. ஆனால் ஃப்ளை ராடு கயிறு மென்மையானது. எல்லா இடத்திலும் விலையுயர்ந்த பீங்கான் வேண்டியதில்லை. கடற்கரையில் பகைவன் உப்பும் மணலும்தான். குரோமியம் பூச்சு தேய்ந்தால் அடியில் துரு பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸைவிட, மாலிப்டினம் கலந்த 316 உப்பைத் தாங்கும். டைட்டானியம் துருவே பிடிக்காது, விலைதான் கடிக்கும். நான் முதல் மூன்று வளையங்களை டைட்டானியச் சட்டத்தில் பீங்கானாகப் போட்டேன். மற்றவை பாம்பு போல வளைந்த, இரண்டு கால் உள்ள வெறும் கம்பி வளையங்கள். ஒரு கால் வளையம் எடை குறைவு, உண்மைதான். ஆனால் பாறையில் இடறி விழுந்தால் பிடுங்கிக்கொள்ளும்.

எடை ஏன் முக்கியம்? தம்பிகளே, நிலைமத் திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? தூரத்தின் வர்க்கம்! பிடியிலிருந்து 2 அடியில் இருக்கிற ஒரு கிராமும் 10 அடியில் இருக்கிற ஒரு கிராமும் ஒன்றல்ல. 25 மடங்கு வித்தியாசம். நுனியில் கனமான வளையம் கட்டினால் கம்பு மந்தமாகிவிடும். தோள்பட்டைதான் அதற்கு வட்டி கட்டும்.

கடைசியாக, எங்கே கட்டுவது? அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். என் 11 அடிக்குப் பன்னிரண்டு. ஆனால் இடைவெளியை யாரும் சொல்லித்தர முடியாது; அந்தந்தக் கம்பைத்தான் கேட்க வேண்டும். வளையங்களை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, அடியை மேஜையில் இறுக்கி, கயிற்றை உள்ளே கோத்து, நுனியில் எடையைத் தொங்கவிட்டேன். வளைந்த கம்போடு கயிறும் சேர்ந்து வளைய வேண்டும். எங்கே கயிறு முழங்கை மாதிரி மடிகிறதோ, அங்கே வளையத்தை நகர்த்த வேண்டும். நுனிப்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் தள்ளித் தள்ளியும் அமைந்தது. மூன்று நாள் ஆனது.

அப்போதுதான் சிரிப்பு வந்தது. இது நம் ஆய்வகத்தில் செய்த கேண்டிலீவர் பரிசோதனை! அளவுகோலை மேஜை விளிம்பில் இறுக்கி, எடை போட்டு, இறக்கத்தை அளந்து யங் குணகம் கண்டுபிடிப்போமே, அதேதான். அந்தப் பரிசோதனையை அன்று நான் செய்யவில்லை. பக்கத்து மேஜை நண்பனின் அளவுகளைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவன் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். நாற்பது வருஷம் கழித்து, இன்னொருவர் கம்பின் அளவைக் காப்பியடித்து மீனை விட்டேன். புத்தி மாறவில்லை பாருங்கள்!

பிறகு நூல் சுற்றி, எபாக்சி பூசி, காயவைத்து, வீசிப் பழக இதோ இந்தச் சிம்மக்கல் பக்கம் வைகைக்குள் இறங்கினேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பையன் வந்து கேட்டான்: "என்னண்ணே, தண்ணியே இல்லாத ஆத்துல என்னத்தப் பிடிக்கப் போறீக?" "தப்பைப் பிடிக்கிறேன் தம்பி" என்றேன். உண்மையிலேயே இரண்டு வளையங்களை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த முறை தனுஷ்கோடியில், கரைவலை இழுக்கிறவர்களுக்குக் குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று வீசினேன். கயிறு சீராக ஓடியது. சின்னப் பாறை மீன் ஒன்று, ஒரு கிலோகூட இருக்காது. முள்ளைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிட்டேன். அன்று இரவு தோள் வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய மீன்.

தம்பி, தங்கைகளே, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினாலும் மதிப்பெண் வந்துவிடும்; எனக்கும் வந்தது. ஆனால் கம்பு எடையைத் தாங்கி வளையும்போது அடுத்தவன் அளவு உதவாது. ஆய்வகத்தில் ஒரே ஒரு பரிசோதனையையாவது உங்கள் கையால் முழுசாகச் செய்துபாருங்கள்.