மலை அவசரப்படாது

(பட்டிமன்றத் தலைப்பு: சாதனைக்குப் பெரிதும் துணை நிற்பது துணிச்சலா? பொறுமையா? "பொறுமையே" என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே துணிச்சலோடு வீற்றிருக்கும் நண்பர்களே! இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருப்பதாலேயே எங்கள் அணிக்கு வாக்களித்துவிட்ட மயிலாப்பூர்ப் பெருமக்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அடையாற்றிலும் தி.நகரிலும் கடல் மட்டத்திலே வளர்ந்த பையன்கள், லடாக்கிலே போய், பனிக்காற்றிலே எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார்களே, துணிச்சல் இல்லாமல் நடக்குமா?" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்தக் கைதட்டலை நான் பறிக்கப் போவதில்லை. அந்த ஓட்டத்தையே பறிக்கப் போகிறேன்!

நடுவர் அவர்களே, அந்த ஓட்டம் என்ன என்று முதலிலே பார்த்துவிடுவோம். லடாக் மாரத்தான் 2012-லே தொடங்கியது. செப்டம்பர் மாதத்திலே நடக்கிறது. அதிலே கடுமையான ஓட்டங்களில் ஒன்று கர்துங் லா சவால். 'லா' என்றால் அந்த ஊர் மொழியிலே கணவாய். நம்ம ஊரிலே 'லா' படித்தவர் மற்றவர்களுக்கு மூச்சு வாங்க வைப்பார். அங்கே 'லா' ஏறுகிறவருக்கே மூச்சு வாங்கும். (சிரிப்பு)

விடியற்காலை மூன்று மணிக்குக் கர்துங் கிராமத்திலே புறப்பட வேண்டும். அதுவே சுமார் 13,000 அடி. அங்கிருந்து 32 கிலோமீட்டர் ஏற்றம். உச்சி ஏறக்குறைய 17,600 அடி. பிறகு 40 கிலோமீட்டர் இறங்கி லே நகரத்துக்கு வரவேண்டும். மொத்தம் 14 மணி நேரம். அதற்குமேல் ஆனால் கணக்கிலே இல்லை.

நம்ம ஊரிலே ஏற்றம் என்றால் என்ன? உஸ்மான் ரோடு மேம்பாலம்! அடையாற்றுத் திரு.வி.க. பாலம்! கொஞ்சம் பக்தி இருந்தால் பரங்கிமலைப் படிக்கட்டு. பரங்கிமலை சுமார் 300 அடி. அதை ஒன்றின் மேல் ஒன்றாக முப்பத்தெட்டுத் தடவை அடுக்கினால்தான் லே நகரத்துத் தெருவையே தொடலாம். அங்கேதான் பயணிகள் விமானத்திலிருந்து இறங்குகிறார்கள்; ஏற்றமே அதற்கப்புறம்தான்.

சரி, அங்கே என்ன கஷ்டம்? "காற்றிலே பிராணவாயு குறைவு" என்று எல்லாரும் சொல்கிறோம். கணக்குப்படி அங்கேயும் 21 சதவீதம்தான், மெரினாவிலேயும் 21 சதவீதம்தான். அங்கே குறைவது காற்றின் அழுத்தம். ரேஷன் கார்டிலே எழுதியிருக்கிற அளவு அதேதான். தராசிலே எடைதான் குறைகிறது! (சிரிப்பு) லேயிலே ஒரு மூச்சு இழுத்தால், மெரினாவிலே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். கர்துங் லா உச்சியிலே ஏறக்குறைய பாதிதான்.

இதற்கு உடம்பு என்ன செய்கிறது? அதுதான் அழகு. முதலிலே வேகவேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கிறது. அதே நேரத்திலே சிறுநீரகம் ஒரு மனு எழுதுகிறது. "பிராணவாயு போதவில்லை, சிவப்பணுக்களைக் கூட்டி அனுப்பவும்" என்று. அந்த மனுவுக்கு மருத்துவர்கள் எரித்ரோபொய்டின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனு எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. அங்கே உற்பத்தி தொடங்குகிறது. முழுப் பலன் கிடைக்க வாரக்கணக்கிலே ஆகும். கோப்பு தானாகத்தான் நகரும். சிபாரிசும் நடக்காது, கையூட்டும் நடக்காது! (கைதட்டல்)

எதிரணித் தம்பி, அந்தக் கோப்பு நகருகிற வரைக்கும் உங்கள் துணிச்சல் எங்கே உட்கார்ந்திருக்கும்? பொறுமை போட்ட நாற்காலியிலேதான்!

நான் சும்மா சொல்லவில்லை. 1968, மெக்ஸிகோ ஒலிம்பிக். அந்த நகரம் சுமார் 7,350 அடி உயரம். கர்துங் லாவிலே பாதிகூட இல்லை. பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்திலே உலகச் சாதனையைக் கையிலே வைத்திருந்தவர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். கடலோர மெல்பர்ன்காரர், நம்மைப் போல. அவருக்குத் துணிச்சல் குறைவா? கடைசி வரை ஓடினார். ஆறாவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். பிராணவாயு கொடுத்து எழுப்ப வேண்டியதாயிற்று. தங்கம் யாருக்கு? மேட்டு நிலத்திலே பிறந்து வளர்ந்த கென்யாவின் நப்தாலி டெமுவுக்கு. லடாக்கிலேயும் இதே கதைதான். கர்துங் லா சவாலிலே பெரும்பாலும் முன்னாலே வருகிறவர்கள் அந்த மண்ணின் மைந்தர்கள். தலைமுறை தலைமுறையாக மலையோடு பழகியவர்கள்.

இன்னும் ஒரு சோகமான பாடம் இருக்கிறது. 1962 சீனப் போர். சமவெளியிலே இருந்த நம் படைவீரர்களை, சரியான கம்பளி உடுப்புகூட இல்லாமல், உடம்பைப் பழக்க நேரமும் கொடுக்காமல், மலைக்கு மேலே அனுப்பினோம். அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்ல இந்த அரங்கத்திலே யாருக்காவது நாக்கு வருமா? ஆனால் குண்டடி படாமலேயே, நுரையீரலிலே நீர் கோத்து விழுந்தவர்கள் உண்டு. நம் இராணுவ மருத்துவர்கள் அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. 1,925 படைவீரர்களின் மலைநோயைக் கவனித்து 1969-லே அவர்கள் எழுதிய கட்டுரை, உலகமே படித்த கட்டுரை. இன்றைக்கு இராணுவத்தின் விதி என்ன? ஒன்பதாயிரம் அடி தாண்டினால் 6 நாள் பழக வேண்டும். அதிலே முதல் இரண்டு நாள் ஓய்வு. பன்னிரண்டாயிரம் தாண்டினால் இன்னும் 4 நாள். பதினைந்தாயிரம் தாண்டினால் மேலும் 4 நாள். ஆக 14 நாள்! துப்பாக்கி பிடித்த கைக்கே முதல் கட்டளை "உட்கார்" என்பதுதான். (கைதட்டல்)

எதிரணி அம்மையார் சேரன் செங்குட்டுவனை அழைத்து வந்தார்கள். "இமயத்துக்குப் போய்க் கண்ணகிக்குக் கல் எடுத்தானே, அது துணிச்சல்" என்றார்கள். அம்மா, சிலப்பதிகாரத்தை இன்னும் நாலு பக்கம் புரட்டியிருக்கலாம். அந்தப் போர் எவ்வளவு நேரம் நடந்தது? பதினெட்டு நாழிகை. ஏழு மணி சொச்சம். ஆனால் மன்னன் வஞ்சியை விட்டுப் புறப்பட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று சோதிடன் கணக்குச் சொல்கிறான்? முப்பத்திரண்டு மாதம்! வடக்கே போகிற வழியிலே முகாம் எங்கே போட்டான்? நீலகிரியிலே! இன்றைக்கு மருத்துவர் சொல்வதை அன்றைக்கே செய்துவிட்டானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். (சிரிப்பு) துணிச்சலுக்குப் பதினெட்டு நாழிகை, பொறுமைக்கு முப்பத்திரண்டு மாதம். இதுதான் இளங்கோவடிகள் போட்ட கணக்கு.

அதே கணக்குத்தான் நம் பிள்ளைகளுக்கும். ஓடுவது 14 மணி நேரம், தயாராவது வருடக்கணக்கு. காலையிலே நாலரை மணிக்கு, மாடவீதியிலே பால்காரர் சைக்கிள் மணி அடிப்பதற்கு முன்னாலே, காந்தி சிலைப் பக்கம் போய்ப் பாருங்கள். வியர்வையிலே சட்டை பிழிகிறாற்போல நனைந்து ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்தப் புழுக்கத்திலே விடாமல் ஓடினால் பத்துப் பதினைந்து நாளிலே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரந்து உடம்பைக் குளிரவைக்கிறது. நம்ம சென்னை வெயிலுக்கே பதினைந்து நாள் பொறுக்க வேண்டும் என்றால், பனிமலைக்கு எவ்வளவு?

என்னிடம் படித்த ஒரு பையன். தி.நகர்க்காரன், பழைய மகாபலிபுரம் சாலையிலே கம்ப்யூட்டர் வேலை. ஒரு வருடம் உழைத்துப் பயிற்சி எடுத்து லேவுக்குப் போனான். ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு நாளாகத் தலைவலி, குமட்டல், தூக்கமில்லை. நாளைக்கு மருத்துவச் சோதனை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மறைத்துவிட்டு ஓடு என்றது துணிச்சல். அவன் சொல்லிவிட்டான். டாக்டர் நிறுத்திவிட்டார். "மேலே ஏறாதே, குறையவில்லை என்றால் கீழே இறங்கு. மலைநோய்க்கு முதல் மருந்து அதுதான்" என்றார். ஓடாமலேயே திரும்பி வந்தான். ஆபீசிலே கேலி. "லடாக்குக்குத் தலைவலி மாத்திரை சாப்பிடப் போனியா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டான். அடுத்த ஆண்டு ஒரு வாரம் கூடுதலாக விடுப்பு எடுத்து, முன்கூட்டியே போய், நடந்து பழகி, ஓடி முடித்தான். என் வீட்டுக்கு வந்தபோது நான் கேட்டேன், "எதுப்பா கஷ்டமா இருந்தது, அந்த ஏற்றமா?" என்று. "இல்லை சார். போன வருஷம் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்ததுதான் சார்" என்றான். (நீண்ட கைதட்டல்)

துணிச்சலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. மூன்று மணி இருட்டிலே, உறைகிற குளிரிலே முதல் அடி வைக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த அடியை எந்த ஆண்டிலே, எந்த நாளிலே வைப்பது, எந்த இடத்திலே திருப்புவது என்று சொல்லிக் கொடுப்பது பொறுமை.

கடைசியாக ஒன்று. இதோ, பங்குனியிலே இந்த மயிலாப்பூர் மாடவீதியிலே அறுபத்துமூவர் வலம் வருகிறார்களே, அந்த வரிசையிலே கையிலே உழவாரப் படையோடு ஒருவர் வருவார். அப்பர் பெருமான். கயிலைக்கு நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், உருண்டார். கயிலையைக் காணாமல் திரும்ப மாட்டேன் என்றார். உலகத்திலே அவரைவிடப் பெரிய நெடுந்தூர வீரர் யார்? துணிச்சலின் எல்லை அது. ஆனால் கயிலைக் காட்சி அவருக்கு எங்கே கிடைத்தது? "திரும்பு, இந்தப் பொய்கையிலே மூழ்கு" என்று இறைவன் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் மூழ்கினார். எழுந்த இடம் திருவையாறு. காட்சி கிடைத்த இடம் திருவையாறு. துணிச்சல் அவரைப் பாதி வழி கொண்டுபோனது. திரும்பச் சம்மதித்த பொறுமைதான் கயிலையைக் காட்டியது! (கைதட்டல்)

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஒரு பரீட்சையிலே, ஒரு வேலையிலே பின்வாங்கி வந்தால், "தோற்றுவிட்டாயா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த தடவை எப்போது?" என்று கேளுங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது. அதற்கு அவசரமே இல்லை. ஏறப்போகிறவன் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த உயிரைக் காப்பது பொறுமை. சாதனையைத் தருவதும் பொறுமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை, பொறுமையோடு, கேட்டு அமர்கிறேன்.